பாரிஸ் தெருவில் ஊரடங்கா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழின் பின்னட்டையில் ஒரு பழைய படம் போட்டிருந்தோம். 1838-இல் பாரிஸ் நகரின் பூல்வார் து தாம்பிள் என்ற பெருவீதியை மேல்மாடி ஜன்னல் ஒன்றிலிருந்து ஒளிப்பட முன்னோடி லூயி டகேர் எடுத்தது. ஒரு வரிக் குறிப்புடன் விட்டுவிட்டோம், அதற்குத்தான் இத்தனை கடிதம். இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: பின்னட்டைப் படத்தைத் தரம் 8 பிள்ளைகளுக்குக் காட்டினேன். "ரீச்சர், அன்றைக்கு அங்கே ஊரடங்கா?" என்று ஒருவன் கேட்டான், வகுப்பே சிரித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதே சந்தேகம்தான். அவ்வளவு அகலமான தெரு, இரண்டு பக்கமும் மரம், வரிசையாகக் கட்டடங்கள். ஒரு மூலையில் காலைத் தூக்கி வைத்துச் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொள்கிற ஒரே ஒரு மனிதர். மற்றவர்கள் எங்கே?
– சித்திர ஆசிரியை, உவர்மலை

ரீச்சர், எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். குதிரை வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, கூடை சுமந்தவர்கள் போனார்கள், வேலைக்கு நேரமாகிவிட்டவர்கள் ஓடினார்கள். தகடுதான் அவர்களைப் பிடிக்கவில்லை.

டகேர் பயன்படுத்தியது வெள்ளி பூசிய செம்புத் தகடு. அதை முகம் தெரியும்படி மினுக்கி, அயடீன் ஆவி படவைத்து, கமராப் பெட்டிக்குள் செருகி, மூடியைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு சூடான பாதரசத்தின் ஆவியைக் காட்டினால் உருவம் எழும்பி வரும், உப்புக் கரைசலில் போட்டால் நிலைத்து நிற்கும். இதில் அந்தக் காத்திருப்புத்தான் விஷயம். நல்ல வெயிலிலும் அது நிமிடக் கணக்கு. இந்தப் படத்துக்கு 4 நிமிடம் என்பாரும் உண்டு, 10 நிமிடத்துக்கு மேல் என்பாரும் உண்டு, நாம் நடுவில் 5 என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 5 நிமிடம் என்றால் 300 வினாடி. சாதாரணமாக நடக்கிற ஒருவர் தன் உடம்பின் அகலத்தைக் கடக்க அரை வினாடி போதும். ஆகவே தெருவின் எந்த ஓர் இடத்திலும் அவர் நின்றது மொத்த நேரத்தில் 600-இல் ஒரு பங்கு, மீதி 599 பங்கும் அங்கே இருந்தது வெறும் தெரு. தகட்டில் எது விழும்? ஓடுகிற குதிரை வண்டி நீளமானது, ஆனால் வேகமும் கூட, அதற்கும் கிடைப்பது சில பங்குதான்.

பொலிஷ் போட நின்றவருக்கு மட்டும் வேறு வழியில்லை. சப்பாத்து முடியும்வரை நின்றே ஆகவேண்டும். அதனால்தான் அவர் விழுந்தார். அவருக்குக் கீழே குனிந்திருப்பவரும் மங்கலாக விழுந்திருக்கிறார், ஆனால் துடைக்கிற கை ஓயவில்லையே, அதனால் அவர் பாதி நிழல்தான். இருவருடைய பெயரும் யாருக்கும் தெரியாது. மனித உருவம் பதிந்த மிகப் பழைய ஒளிப்படம் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். (படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இங்கே ஒருவர் வாங்கில் இருக்கிறார், அங்கே ஜன்னலில் ஒரு குழந்தை தெரிகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன.)

உங்கள் மாணவனிடம் இதையும் சொல்லுங்கள். பாரிஸில் அது ஒதுக்குப்புறமான தெரு அல்ல, வரிசையாக நாடகக் கொட்டகைகள் இருந்த இடம். மேடையில் நாளும் பொழுதும் கொலையும் கொள்ளையும் நடந்ததால் ஊரார் அதற்குக் குற்ற வீதி என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நிஜக் கொலையும் நடந்தது. 1835 ஜூலை 28-ஆம் தேதி லூயி பிலிப் மன்னர் ஊர்வலமாக வரும்போது, அதே வீதியின் 50-ஆம் இலக்க வீட்டு ஜன்னலிலிருந்து ஃபியெஸ்கி என்பவன் 25 துப்பாக்கிக் குழல்களை ஒன்றாகக் கட்டிய ஓர் இயந்திரத்தால் சுட்டான். மன்னர் தப்பிவிட்டார், 18 பேர் செத்துப்போனார்கள். அது நடந்து 3 வருடத்தில் எடுத்த படம் இது. நேரம் காலை 8 மணி என்று குறிப்பு இருக்கிறது.

நம்முடைய திருகோணமலை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் டகேரின் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் என்ன விழும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள், நல்ல பாடமாக இருக்கும். கிண்ணியா பஸ் விழாது. ஓட்டோக்களில் ஹயருக்குக் காத்து நிற்பவை விழும், ஓடுபவை விழாது. லொத்தர் சீட்டு விற்பவர் தன் பெட்டிக்குள் அசையாமல் இருந்தால் ஓரளவு விழுவார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற முந்நூறு பிள்ளைகளில் ஒருவரும் இல்லை. ஆனால் நம் ஊருக்குள் திரிந்து, மர நிழலில் படுத்து அசைபோடுகிற மான் இருக்கிறதே, அது தாடையைத் தவிர மற்றபடி முழுசாக விழும். நூறு வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் திருகோணமலையில் மனிதர்கள் இல்லை, மான்கள் மட்டும் இருந்தன என்று கட்டுரை எழுதுவார்கள்.

கேள்வி: விஞ்ஞானப் புத்தகத்தில் டகேரை ஒளிப்படத்தைக் கண்டுபிடித்தவர் என்று படித்தேன். நீங்களோ "ரொமான்டிக் கால ஓவியர்" என்று போட்டிருக்கிறீர்கள். எது சரி?
– உயர்தர மாணவன், கிண்ணியா

இரண்டும் சரி தம்பி. ஆனால் முதலில் ஓவியர். (ரொமான்டிக் என்றால் இங்கே காதல் அல்ல, உணர்ச்சியும் கற்பனையும் மேலோங்கிய அந்தக் காலத்துக் கலைப் போக்கு.)

1787-இல் பிறந்தவர். பெரிய வட்டச் சுவர்களில் நகரக் காட்சிகளைத் தீட்டும் பானரமா வேலையில் பழகி, பிறகு நாடகக் கொட்டகைகளுக்குத் திரை எழுதிப் பெயர் வாங்கியவர். மேடையில் நிலவு எழும்புவது, மேகம் நகர்வது, இதெல்லாம் அவர் கை. 1822-இல் பூட்டோன் என்ற ஓவியருடன் சேர்ந்து பாரிஸில் டியோரமா என்று ஒரு காட்சிக்கூடம் திறந்தார். நடிகர் இல்லை, கதை இல்லை. இருட்டில் சனம் உட்கார்ந்திருக்க, முன்னால் மிகப் பெரிய மெல்லிய திரை. அதன் இரண்டு பக்கமும் வரைந்திருப்பார்கள். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒளியை மாற்றி மாற்றி விட, பகல் இரவாகும், மலைப் பள்ளத்தாக்கில் பனி இறங்கும். காசு கொடுத்து அதைப் பார்க்க வரிசை. அவருடைய எண்ணெய் ஓவியம் ஒன்றும் இருக்கிறது, ஸ்கொட்லாந்தில் இடிந்துகிடந்த ஹோலிரூட் ஆலயம், நிலவொளியில். இடிபாடு, நிலவு, தனியாக ஓர் உருவம். ரொமான்டிக் ஓவியம் என்றால் என்னவென்று பரீட்சையில் கேட்டால் இந்த ஒரு படத்தைச் சொன்னாலே போதும்.

திரைக்கு அளவு பிசகாமல் வரைவதற்காகக் கமராப் பெட்டியைப் பாவித்தவருக்கு, அதில் விழுகிற உருவம் தானாகவே தகட்டில் ஒட்டிக்கொண்டால் என்ன என்ற ஆசை வந்தது. அதே வேலையில் தனக்கு முன்பே இறங்கியிருந்த நியெப்ஸ் என்பவருடன் 1829-இல் கூட்டுச் சேர்ந்தார். 1833-இல் நியெப்ஸ் இறந்துவிட, மிச்ச வழியை டகேர் போய் முடித்தார். 1839 ஜனவரி 7-ஆம் தேதி அராகோ என்ற விஞ்ஞானி பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் அறிவித்தார், ஆகஸ்ட் 19-ஆம் தேதி செய்முறை முழுவதும் பகிரங்கமாக்கப்பட்டது. அதற்கு ஈடாக டகேருக்கு வருடம் 6000 பிராங்க், நியெப்ஸின் மகனுக்கு 4000 பிராங்க் ஓய்வூதியம். தகப்பனுக்குத்தான் கூடுதலாகப் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஆனால் செத்தவருக்காக யார் பேரம் பேசுவது.

ஒரு கிளைக்கதை. தந்தி மோர்ஸ் இருக்கிறாரே, சாமுவேல் மோர்ஸ், அவரும் தொழிலால் ஓவியர்தான். தன் தந்திக் கருவியோடு அப்போது பாரிஸில் இருந்தவர் 1839 மார்ச் மாதம் டகேரிடம் போய்த் தகடுகளைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் இருந்த தம்பிக்குக் கடிதம் எழுதினார். எப்போதும் வண்டியும் சனமுமாக நிறைந்திருக்கும் வீதி முழுக்க வெறிச்சோடிக் கிடக்கிறது, சப்பாத்துத் துடைக்க நின்ற ஒருவர் மட்டும் இருக்கிறார், அவருக்கும் காலும் சப்பாத்தும் தெளிவாக இருக்கின்றன, உடம்பும் தலையும் அசைந்ததால் இல்லை என்று எழுதியிருக்கிறார். மோர்ஸ் தகடுகளைப் பார்த்துவிட்டுப் போனதற்கு அடுத்த நாள், பதில் மரியாதைக்கு டகேர் மோர்ஸின் தந்தியைப் பார்க்கப் போனார். போய் இருந்த நேரத்தில் அவருடைய டியோரமாக் கட்டடம் தீப்பிடித்து எரிந்துபோனது.

கேள்வி: படம் கீறுகிறவன் தன் இஷ்டத்துக்குக் கீறுவான், கமரா பொய் சொல்லாது என்று நாங்கள் படித்த காலத்தில் சொல்லித் தந்தார்கள். நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தால் கமராதான் பெரிய பொய்யன் போல இருக்கிறதே. அந்தக் காலத்து ஓவியர்கள் இதே தெருவைக் கீறவில்லையா?
– ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர், பாலையூற்று

கீறினார்கள் ஐயா, அதுவும் அருமையாக. புவாயி என்று ஓர் ஓவியர், ரொமான்டிக் கூட்டத்துக்கு ஒரு தலைமுறை மூத்தவர். 1819-இல் இதே வீதியில் இருந்த அம்பிகு கொமிக் என்ற நாடகக் கொட்டகையின் வாசலை வரைந்தார், அது லூவரில் இருக்கிறது. அன்று இலவசக் காட்சி. சனம் கதவடியில் ஒருவர் மேல் ஒருவர் ஏறி முண்டியடிக்கிறது, இடிபட்டு விழுகிறவர்கள் விழ, பார்த்துச் சிரிக்கிறவர்கள் ஒரு பக்கம். கோயில் அன்னதானத்தில் நமக்குத் தெரியாத காட்சியா. இதில் ஒரு வேடிக்கை, அந்தக் கொட்டகைக்குத் திரை எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா, நம்முடைய டகேரேதான். தெருவில் எவ்வளவு சனம் புரளும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தகட்டில் அது காணாமல் போனதைப் பார்த்தபோது மனுஷன் என்ன நினைத்தாரோ.

ஆனால் நீங்கள் கேட்கிற பொய்–மெய் வழக்கில் நான் புவாயியைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன், ஜெரிக்கோவைக் கூப்பிடுவேன். ரொமான்டிக் ஓவியர்களில் முதல் வரிசை ஆள். கப்பல் உடைந்து கட்டுமரத்தில் கிடந்து சாகிறவர்களை வரைந்த 'மெதூசாவின் தெப்பம்' என்ற அந்தப் பிரமாண்டமான ஓவியத்தைக் காட்டிக் காசு சேர்க்க 1820-இல் லண்டனுக்குப் போனார். உலகத்திலேயே மிக நெரிசலான நகரங்களில் ஒன்று அது. போனவர் அடுத்த வருடம் லண்டனைப் பற்றிக் கல்லச்சுப் படங்கள் சில வெளியிட்டார். நெரிசலை அவற்றில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஒன்றில், பாண் கடை ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சரிந்து கிடக்கிற ஒரு கிழவர், பக்கத்தில் நாய், உள்ளே பாண் கைமாறுவது தெரிகிறது. இன்னொன்றில் கை கால் விளங்காத ஒரு பெண்ணை நாற்காலி வண்டியில் வைத்து ஒருவர் தள்ளிக்கொண்டு வருகிறார், எதிரே வந்த இளம்பெண் பிள்ளையோடு பயந்து திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவு பெரிய நகரத்தில் அவர் கண் போனது ஓட முடியாதவர்களிடம். மற்ற சனத்தை அவர் வேண்டுமென்றே துடைத்துவிட்டார்.

டகேரின் தகடும் துடைத்தது, ஆனால் அதற்கு நெஞ்சு இல்லை. பிச்சைக்காரரா பிரபுவா என்று பார்க்கவில்லை, நின்றாயா, வா, போனாயா, போ. அதனால் ஐயா, இரண்டு பேரையும் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். ஜெரிக்கோ எதை விட்டார் என்பதற்கு அவரிடம் காரணம் கேட்கலாம். தகட்டிடம் கேட்க முடியாது, அதன் குறையை நாம்தான் தெரிந்துகொண்டு படம் பார்க்க வேண்டும். இன்றைக்குக் கையில் போனை வைத்துக்கொண்டு "படமே இருக்கிறது, பிறகென்ன" என்று சண்டைக்கு வருகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

கமராவின் அந்தக் குறை கனகாலம் நீடிக்கவில்லை. 1840-க்குப் பிறகு புரோமீன் சேர்த்துத் தகட்டைக் கூர்மையாக்கினார்கள், பெட்ஸ்வால் என்பவர் கணக்குப் போட்டு வடிவமைத்த வெளிச்சம் கூடிய லென்ஸ் வந்தது, காத்திருப்பு ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது, முகப்படம் எடுக்கிற ஸ்டூடியோக்கள் முளைத்தன. 1859-இல் நியூயோர்க்கின் பிராட்வே வீதியில் எட்வர்ட் அந்தனி எடுத்த படங்களில் நடக்கிறவர்களின் தூக்கிய கால் அந்தரத்தில் நிற்பதுகூடத் தெரிகிறது.

கேள்வி: அந்தப் படத்தில் இடம் வலமாக மாறியிருக்கிறதாமே?
– நிலாவெளி வாசகி

ஆம். அந்தத் தகடு முகக்கண்ணாடி போலத்தான் காட்டும், நாங்கள் போட்டதும் அப்படியே. அசல் தகட்டை 1839-இல் டகேர் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக்குக்கு அன்பளிப்பாக அனுப்பினார், மியூனிக்கில் இருந்தது. காலப்போக்கில் பழுதாகி, 1970-களில் சுத்தம் செய்யப்போய் உருவமே அழிந்துவிட்டது. 1930-களில் ஒருவர் அதைப் படம் எடுத்து வைத்திருந்ததால் நமக்கு மிஞ்சியது. மினுக்கப் போய்க் கெட்ட படம், உள்ளே பொலிஷ் போடுகிற ஆள்!

கேள்வி: பாரிஸ், லண்டன் எல்லாம் சரி. அதே காலத்தில் எங்கள் திருகோணமலைத் தெருவை ஒரு வெள்ளைக்காரனும் கீறவில்லையா? துறைமுகத்துக்காக அடிபட்டவர்கள் ஆயிற்றே.
– திருக்கடலூர் வாசகர்

அடிபட்டது துறைமுகத்துக்குத்தானே, கீறியதும் அதைத்தான். சாமுவேல் டானியல் என்ற ஆங்கில ஓவியர் 1806 வாக்கில் இலங்கைக்கு வந்தார். இந்தியக் காட்சிகளை வரைந்து புகழ்பெற்ற தோமஸ் டானியலின் சகோதரர் மகன், அவரோடு சேர்ந்து வரைந்த வில்லியமின் தம்பி. இலங்கைக் காட்சிகள், விலங்குகள், மக்கள் என்று 12 படங்கள் கொண்ட தொகுப்பு 1808-இல் லண்டனில் வெளியானது. அதில் ஒன்று ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து பார்த்த திருகோணமலைத் துறைமுகம். மேட்டில் நின்று கீழே பார்க்கிற பார்வை, நீர், குன்று, மரம், வானம். சந்தை இல்லை, தெருச் சண்டை இல்லை, மீன் கூடை இல்லை. அந்தக் காலத்து ஓவியர்கள் கப்பலேறிக் கிழக்கே வந்தது காட்டுக்கும் யானைக்கும் இடிந்த கோயிலுக்கும்தான், தெரு அவர்கள் ஊரிலேயே தாராளமாகக் கிடந்தது. டானியல் திரும்பிப் போகவில்லை, 1811-இல் இந்த நாட்டிலேயே இறந்துவிட்டார்.

தெருவைக் கீற யாரும் வரவில்லையே என்று எனக்கும் ஆதங்கம் உண்டு. சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருகிறபோது வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்து நிற்கிற தெருவை ஒரு புவாயி பார்த்திருந்தால் விட்டிருப்பாரா? இப்போது கீறத் தெரிந்த பிள்ளைகள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், ரீச்சர் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நான் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். டகேர் மாதிரி மத்திய வீதியை ஆள் இல்லாமல் எடுக்க வேண்டும் என்று ஆசை. போனிலும் முயன்றேன், கமராவிலும் முயன்றேன், பேய்கள் போல மங்கல் மங்கலாகத்தான் வருகிறது. என்ன செய்யலாம்?
– உப்புவெளி இளைஞர்

தம்பி, பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸின் துவார அளவு) 16 என்று வைத்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு வினாடியில் 100-இல் ஒரு பங்கு அளவில் நிற்கும். இதை நீட்ட லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி வேண்டும். பத்து ஸ்டொப் என்டி ஃபில்டர் (ஒவ்வொரு ஸ்டொப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) போட்டால் வெளிச்சம் ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும், ஷட்டர் 10 வினாடிக்கு வரும். நீங்கள் நின்றது அநேகமாக இங்கேதான். 10 வினாடி போதாது, பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கிறவர், விலை கேட்கிறவர், போன் பேசுகிறவர் எல்லாரும் அந்த 10 வினாடியில் பாதியை ஒரே இடத்தில் நின்றே கழித்துவிடுவார்கள், அதுதான் பேய். இரண்டாவது ஃபில்டரை மேலே அடுக்கி நிமிடக் கணக்குக்குக் கொண்டுபோகலாம், ஆனால் மலிவான கண்ணாடிகளை அடுக்கினால் நிறம் கெடும்.

இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. கமராவை முக்காலியில் அசையாமல் பூட்டி, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் கையால் நிறுத்திவிட்டு, 20 வினாடிக்கு ஒன்றாக 30 படம் எடுங்கள். கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 'மீடியன்' என்ற முறையில் சேர்த்தால், பாதிக்கு மேற்பட்ட படங்களில் எது இருந்ததோ அது மட்டும் மிஞ்சும். ஓர் ஆள் ஓர் இடத்தில் நாலைந்து படத்துக்கு நின்றாலும் பரவாயில்லை, சுத்தமாகப் போய்விடுவார். போனிலும் இதே வேலை ஆகும், போனைப் பிடிக்க ஒரு கிளிப் இருந்தால் சரி. நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளும் கடை வாசலில் தொங்குகிற வாளியும் போகாது, அவை வேண்டாமென்றால் ஞாயிறு விடியற்காலையில் போங்கள்.

தெருவில் நிற்காமல் மாடியில் ஏறுங்கள், கடை முதலாளியிடம் முதலில் கேட்டுவிட்டு. கோட்டைப் பக்கமோ கடற்படைப் பக்கமோ கமராவைத் திருப்ப முன்னும் அனுமதி கேளுங்கள். கச்சான் காற்றுக் காலம் என்றால் முக்காலியின் நடுக் கொக்கியில் தண்ணீர் நிரப்பிய பெரிய போத்தல் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் 30 படமும் 30 இடத்தில் நிற்கும்.